விண்டோஸ், லினக்ஸ், மேக்: சர்வர் பார்த்துக்கொள்பவரின் கண்ணில் எவ்வளவு ஒற்றுமை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் சர்வர், லினக்ஸ் சர்வர் இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. புதிதாகச் சேர்பவர்களில் ஒரு பாதி "நான் விண்டோஸ் ஆள், லினக்ஸ் எனக்கு வராது" என்பார்கள். மறுபாதி அதையே திருப்பிப் போட்டுச் சொல்வார்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பாதி எது, மீதியில் எங்கே கால் இடறும் என்பதை, அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒன்றுக்கொன்று போட்டியாக வந்த சிஸ்டங்கள். அவற்றுக்குள் ஒற்றுமை எப்படி வந்தது?

ஓடுகிற ஹார்டுவேர் ஒன்றுதானே, முதல் காரணம் அதுதான். இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் அதிகாரத்தை 0 முதல் 3 வரை நான்கு வளையங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. விண்டோஸும் லினக்ஸும் நடுவில் உள்ள இரண்டை விட்டுவிட்டன. சிஸ்டத்தின் மையமான கெர்னல் 0-இல் ஓடும், நாம் திறக்கும் நிரல்கள் எல்லாம் 3-இல் ஓடும். மெமரியை வழக்கமாக 4 கேபி பக்கங்களாக வெட்டிக் கொடுப்பதும் அந்த பிராசசர் போட்ட விதிதான். அதன்மேல் யார் வீடு கட்டினாலும் தூண்கள் அதே இடத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது காரணம் வரலாறு. யூனிக்ஸ் 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி கையில் பிறந்தது. அதைப் பார்த்து லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். இன்றைய விண்டோஸ் வேறு வம்சம். டெக் நிறுவனத்தில் விஎம்எஸ் சிஸ்டத்தை உருவாக்கிய டேவ் கட்லர் 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். அவர் குழு எழுதிய விண்டோஸ் என்டி 1993-இல் வெளிவந்தது. வம்சம் வேறாக இருந்தாலும் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வது, ஒருவர் தவறு இன்னொருவரைப் பாதிக்காமல் தடுப்பது என்று இரண்டும் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்றே.

மூன்றாவது, நெட்வொர்க். ஒரே கம்பியில் பேச வேண்டுமென்றால் ஒரே மொழியில்தான் பேசியாக வேண்டும்.

ரூட்டும் அட்மினிஸ்ட்ரேட்டரும் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. அந்தந்த சிஸ்டத்தில் மெஷினை ஆளும் கணக்குகள் அவை. இரண்டிலுமே அதிகாரம் பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. லினக்ஸில் எண் 0 யாருக்கு இருக்கிறதோ அவர்தான் ரூட். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் எஸ்ஐடி என்ற அடையாள எண் எப்போதும் 500 என்று முடியும். பெயரை மாற்றி ஒளித்து வைத்தாலும் அந்த 500 காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், நாம் உருவாக்கும் சாதாரணக் கணக்குகளின் எண் விண்டோஸில் 1000-இல் தொடங்கும். இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றிலும் அதே 1000. மேக்கில் 501.

ஒரு வித்தியாசம் உண்டு. விண்டோஸில் அட்மினையும் தாண்டி சிஸ்டம் என்ற கணக்கு இருக்கிறது. சில ஃபைல்கள் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற கணக்கின் வசம் இருக்கும், அட்மின் கூட நேரே அழிக்க முடியாது. அதிகாரத்தைத் தேவைப்படும் நிமிடத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இரண்டு பக்கமும் வேரூன்றிவிட்டது. யூனிக்ஸில் அதற்கான சூடோ கட்டளை 1980 முதல் இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவோடு, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் யூஏசி வந்தது. 2024-இல் விண்டோஸ் 11-க்கே சூடோ என்ற பெயரிலேயே ஒரு கட்டளை வந்துவிட்டது.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழித்து, அவர் திரும்பி வந்ததும் அதே பெயரில் புதுக் கணக்கு போட்டேன். பழைய ஃபைல்களைத் திறக்க முடியவில்லையே?

மேலே சொன்ன எண் விவகாரம்தான். ஃபைலின் மேல் எழுதியிருப்பது பெயர் அல்ல. விண்டோஸில் பழைய ஃபைலின் உரிமையாளர் இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் நிற்கும். லினக்ஸில் 1007 என்பதுபோல ஒரு மொட்டை எண் நிற்கும்.

ஆனால் லினக்ஸில் ஆபத்து ஒரு படி அதிகம். விண்டோஸில் ஒரு கணக்குக்குக் கொடுத்த எஸ்ஐடி இன்னொன்றுக்குத் திரும்பக் கொடுக்கப்படுவதில்லை. லினக்ஸில் கடைசியாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கணக்கு போட்டால் அதே எண் அவருக்குப் போய்விடும். போனவரின் ஃபைல்கள் எல்லாம் வந்தவருக்குச் சொந்தமாகிவிடும்! அதனால் நான் இரண்டிலும் கணக்கை உடனே அழிப்பதில்லை. முடக்கி வைத்து, ஃபைல்களை வேறு ஒருவர் பேருக்கு மாற்றிய பிறகே அழிக்கிறேன்.

குரூப்பில் சேர்த்துவிட்டேன், இன்னும் ஃபோல்டர் திறக்கவில்லை என்கிறார்.

லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். விண்டோஸிலும் சரி, லினக்ஸிலும் சரி, நீங்கள் எந்தெந்தக் குரூப் என்ற பட்டியல் உள்ளே நுழையும்போதுதான் எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு சேர்த்தது ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்குத் தெரியாது.

பர்மிஷன் விஷயத்தில் இரண்டும் ரொம்பவே வேறு என்று நினைத்தேன்.

தோற்றம்தான் வேறு. லினக்ஸில் உரிமையாளர், குரூப், மற்றவர் என்று மூன்று பேருக்குப் படிக்க, எழுத, ஓட்ட என்று மும்மூன்று அனுமதி. விண்டோஸில் ஏசிஎல் என்ற நீண்ட அனுமதிப் பட்டியல், பெயர் பெயராக அனுமதி, மறுப்பு எல்லாம் உண்டு. லினக்ஸிலும் ஏசிஎல் போடலாம், பலர் போடுவதில்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாக இருக்கும். ஃபைலை அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே போகும், காப்பி எடுத்தால் விண்டோஸில் புது இடத்துக்கு ஏற்ப மாறும், லினக்ஸில் காப்பி எடுத்தவருக்குச் சொந்தமாகும். விண்டோஸில் நெட்வொர்க்கில் பகிர்வதற்கான ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். லினக்ஸில் விண்டோஸ் பாணியில் ஃபைல் பகிரும் சாம்பா மூலம் ஷேர் போட்டாலும் அப்படித்தான். ஷேரில் எழுதலாம் என்று எழுதி வைத்துவிட்டு, கீழே ஃபோல்டரில் அனுமதி கொடுக்க மறந்தால் யாராலும் எழுத முடியாது.

தப்பும் ஒன்றே. அவசரத்தில் லினக்ஸ் ஆள் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் போடுவார், விண்டோஸ் ஆள் எவ்ரிஒன் பெயருக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுப்பார். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். "இப்போதைக்கு" என்று போட்டது மூன்று வருடம் கழித்தும் அப்படியே கிடப்பதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

சர்வீஸ் என்பதும் டீமன் என்பதும்?

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். யாரும் லாகின் செய்யாமலே பின்னால் ஓடும் நிரல். விண்டோஸில் அதை சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் பார்த்துக்கொள்கிறது. மேக்கில் 2005 முதல் லாஞ்ச்டி. லினக்ஸில் 2010-இல் வந்த சிஸ்டம்டி, அது லாஞ்ச்டியிலிருந்து சில யோசனைகளை எடுத்துக்கொண்டது. விழுந்தால் மறுபடி எழுப்பலாமா, எந்தக் கணக்கின் பெயரில் ஓட வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் மூன்றிலும் பதில் எழுத இடம் இருக்கிறது. எந்த சர்வீஸ் எதற்குப் பிறகு எழ வேண்டும் என்பதை விண்டோஸிலும் லினக்ஸிலும் எழுதலாம். விண்டோஸில் ரெகவரி என்ற டேபைத் திறந்து பாருங்கள்: முதல் தடவை விழுந்தால், இரண்டாம் தடவை விழுந்தால் என்று தனித்தனியாகக் கேட்கும். அதில் ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பவர்கள்தான் அதிகம்.

கையால் ஓட்டினால் அழகாக ஓடுகிறது. ராத்திரி தானாக ஓட வைத்தால் ஓடுவதில்லை. ஏன்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இதுதான். குறித்த நேரத்தில் வேலையை ஓட்ட லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர், இரண்டு பக்கத்திலிருந்தும் சம அளவில் வரும். காரணமும் ஒன்றே: நீங்கள் கையால் ஓட்டும்போது உங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் கூட இருக்கிறது, ராத்திரி அது வெறுங்கையோடு ஓடுகிறது.

லினக்ஸில் நீங்கள் உள்ளே வந்ததும் பாத் என்ற தேடும் பாதை நீளமாக அமைந்துவிடும். கிரானுக்குக் கிடைப்பது மிகச் சின்னப் பாதை. நிரலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். முழு முகவரியை எழுதினால் சரியாகிவிடும். விண்டோஸில் "ஸ்டார்ட் இன்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், ஸ்கிரிப்ட் உங்கள் ஃபோல்டரில் தொடங்காது, சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். பக்கத்தில் இருப்பதாக நினைத்த ஃபைல் பக்கத்தில் இருக்காது. அதைவிட அதிகம் ஏமாற்றுவது இசட் டிரைவ். நெட்வொர்க் ஃபோல்டரை இசட் என்று மேப் செய்து வைத்திருப்பீர்கள். அந்த மேப்பிங் உங்கள் லாகின் செஷனுக்கு மட்டும் சொந்தம். ஆள் இல்லாமல் ஓடும் வேலைக்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சர்வர் பெயரோடு முழு முகவரியும் கொடுங்கள்.

இன்னொரு இடம்: ஓட வேண்டிய நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால்? வெறும் கிரான் அந்த முறையை விட்டுவிடும். சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்று எழுத வேண்டும், விண்டோஸில் "தவறிய வேலையைச் சீக்கிரம் ஓட்டு" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதைப் போட வேண்டும். லேப்டாப்பில் சோதித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க: விண்டோஸில் மின் இணைப்பு இருந்தால்தான் தொடங்கு என்பது ஏற்கெனவே டிக் ஆகியே இருக்கும்.

எந்தப் பக்கமாக இருந்தாலும் நான் செய்வது: ஸ்கிரிப்டின் முதல் வரியில் அது எந்தக் கணக்கில், எந்த ஃபோல்டரில், எந்தப் பாதையோடு ஓடுகிறது என்பதை ஒரு ஃபைலில் எழுத வைப்பேன். மறுநாள் காலை அதைத் திறந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

லாக் எங்கே பார்ப்பது?

விண்டோஸில் ஈவன்ட் வியூவர். லினக்ஸில் வார் ஃபோல்டருக்குள் லாக் ஃபோல்டர், அல்லது ஜர்னல்சிடிஎல் கட்டளை. யாராவது பாஸ்வேர்ட் தப்பாகப் போட்டார்களா என்று பார்க்க விண்டோஸில் செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள், சரியாக உள்ளே வந்தது 4624. உபுண்டுவில் ஆத் லாகையும், ரெட் ஹேட்டில் செக்யூர் என்ற ஃபைலையும் திறந்தால் அதே செய்தி வாக்கியமாகவே இருக்கும். இணையத்தைப் பார்த்த மாதிரி, தொலைவிலிருந்து லாகின் செய்யும் வாசலான 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்த லினக்ஸ் சர்வரிலும், அதே வேலைக்கான 3389-ஐத் திறந்து வைத்த விண்டோஸ் சர்வரிலும் தப்பான பாஸ்வேர்ட் வரிகள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம்.

பழைய லாக் தானாகக் காணாமல் போவதும் பொதுவானது. விண்டோஸின் முக்கிய லாகுகளுக்கு ஆரம்பத்தில் 20 எம்பிதான் இடம், நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும். வேலை அதிகமுள்ள சர்வரில் அது ஒரு நாளுக்குக்கூட வராது. லினக்ஸ் ஜர்னல் டிஸ்கில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். ஏதாவது நடந்த பிறகு தேடிப் போய் "அந்தத் தேதி லாக் இல்லை" என்று கைபிசைவதைவிட, இன்றே அளவைக் கூட்டி வையுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி நிறைந்தே இருக்கிறது. ரேம் வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் டிஸ்கிலிருந்து படித்த ஃபைல்களைப் போட்டு வைப்பது மூன்று சிஸ்டங்களும் செய்யும் வேலை. லினக்ஸில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் "ஃப்ரீ" பத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், "அவைலபிள்" பத்தியைப் பாருங்கள். விண்டோஸில் ஸ்டேண்ட்பை என்று காட்டுவதும் கேட்டால் உடனே கிடைக்கும் இடம்தான். ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடமான லினக்ஸின் ஸ்வாப்பிலும் விண்டோஸின் பேஜ்ஃபைலிலும் ஓயாமல் எழுதுவதும் படிப்பதுமாக இருந்தால் அப்போது ரேம் பற்றாக்குறை என்று அர்த்தம்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. பெரிய ஃபைலை அழித்தும் இடம் கிடைக்கவில்லை!

ஒருமுறை நள்ளிரவு தாண்டி எனக்கு இதே அழைப்பு வந்தது. ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர், டிஸ்க் 100 சதவீதம். ஒரு நிரலின் லாக் ஃபைல் மட்டும் பல ஜிபிக்கு ஊதியிருந்தது. டியூட்டியில் இருந்தவர் அதை அழித்துவிட்டார். ஃபைல் பட்டியலில் அது இல்லை. ஆனால் டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை அதே 100-ஐக் காட்டியது. ஃபைல்களின் அளவை டியூ கட்டளையால் கூட்டிப் பார்த்தால் டிஸ்கில் தாராளமாக இடம் இருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. அவர் டிஸ்க் பழுது என்றே முடிவு கட்டிவிட்டார்.

பழுது இல்லை. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. அழித்தால் பெயர் மட்டும் உடனே போகும். அந்த ஃபைலை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளே உள்ளது அப்படியே இருக்கும், பெயரில்லாமல். எந்த நிரல் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை கொடுத்தோம். நிரலின் பெயருக்கு எதிரே, அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அந்த ஃபைல் நின்றது. சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் மொத்த இடமும் திரும்பியது. அழிப்பதற்குப் பதிலாக ஃபைலை வெறுமையாக்கியிருந்தால் ரீஸ்டார்ட்டும் தேவைப்பட்டிருக்காது.

விண்டோஸில் இதே நிலைமை வேறு முகத்தோடு வரும். அங்கே அழிக்கவே விடாது, "இன்னொரு நிரல் இதைத் திறந்து வைத்திருக்கிறது" என்று சொல்லிவிடும். எந்த நிரல் என்று தெரிய ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் ஹேண்டில் தேடும் பெட்டியில் ஃபைல் பெயரைப் போடுங்கள். எல்எஸ்ஓஎஃப் செய்யும் அதே வேலைதான். ஃபைலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஒரு நிரலைத் தேடுகிறோம். லினக்ஸ் அழித்த பிறகு சங்கடம் தருகிறது, விண்டோஸ் அழிக்கும் முன்பே தருகிறது.

கணக்கு ஒத்துவராத சங்கதி விண்டோஸிலும் உண்டு. விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரின் அளவைப் பார்த்துப் பதறிப் போய் அதை அழிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள பல ஃபைல்கள் ஹார்ட் லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று பெயர். எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனி ஃபைலாக எண்ணிவிடுகிறது.

லினக்ஸுக்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை என்கிறார்களே?

மேலே சொன்ன ஃபைல் கதையிலிருந்தே இதற்கும் பதில் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஃபைலை விண்டோஸ் மாற்ற விடாது, அதனால் அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் கேட்கிறது. லினக்ஸ் மாற்ற விடும். ஆனால் மாற்றியது டிஸ்கில்தான். ஏற்கெனவே ஓடும் நிரல் பழைய லைப்ரரியைத்தான் மெமரியில் வைத்திருக்கும். இணைப்பைப் பூட்டிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஓட்டையை அடைத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள், வெப் சர்வர் பழைய ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் அதே லைப்ரரியில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியானபோது அப்டேட் போட்டதோடு நிற்காமல் சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. கெர்னலை மாற்றினால் மெஷினையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் இல்லாமல் கெர்னலைத் திருத்தும் வசதி லினக்ஸில் 2015 முதல் இருக்கிறது, விண்டோஸ் சர்வரிலும் ஹாட்பேட்ச் என்று வந்திருக்கிறது. ஆனால் எல்லாத் திருத்தத்தையும் அப்படிப் போட முடியாது.

500 நாள் ரீஸ்டார்ட் செய்யாத சர்வர் என்று யாராவது பெருமைப்பட்டால், எனக்குக் கவலையாக இருக்கும். மறுபடி எழுமா என்று 500 நாளாகச் சோதிக்கவில்லை என்பதுதானே அதன் பொருள்.

நெட்வொர்க் பக்கம்?

ஒற்றுமை அதிகம் உள்ள இடம் இதுதான். விண்டோஸ் மெஷினில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தேடிப் போங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி! யூனிக்ஸில் எல்லா அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டரின் பெயர் அது. பக்கத்திலேயே சர்வீசஸ், நெட்வொர்க்ஸ் என்ற ஃபைல்களும் கிடக்கும், லினக்ஸில் அதே பெயர்களில் இருப்பவை. ஃபைலுக்குள் எழுதும் முறையும் ஒன்றே: ஐபி, ஒரு இடைவெளி, பெயர்.

பிங், நெட்ஸ்டாட், என்எஸ்லுக்அப் எல்லாம் இரண்டிலும் உண்டு. சின்னச் சின்ன வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் பிங் நான்கு முறை தட்டிவிட்டு நிற்கும், லினக்ஸ் நீங்கள் நிறுத்தும் வரை தட்டும். பதிலில் வரும் டிடிஎல் (வழியில் ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) 128-ஐ ஒட்டி இருந்தால் எதிரே இருப்பது பெரும்பாலும் விண்டோஸ், 64-ஐ ஒட்டி இருந்தால் லினக்ஸோ மேக்கோ. பாதை தேடும் ட்ரேஸ் கட்டளை விண்டோஸில் ஐசிஎம்பி வகைப் பாக்கெட் அனுப்பும், லினக்ஸில் வழக்கமாக யூடிபி வகை அனுப்பும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் இரண்டும் வேறு வேறு பதில் தரும். அதை வைத்து சண்டை போட வேண்டாம்.

பாஸ்வேர்ட் சரி, கணக்கும் சரி, ஆனாலும் லினக்ஸ் சர்வர் டொமைனில் உள்ளே விடவில்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் கணக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் அமைப்புதான் டொமைன். அதை விண்டோஸில் நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி, சீட்டுக் கொடுத்துச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் அடையாளம் பார்க்கிறது. அந்த முறை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது, லினக்ஸிலும் அதேதான். இரண்டு மெஷினுக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு இடத்தில் டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலர், இன்னொரு மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷினாக இருந்தது. அது ஓடிய ஹோஸ்டின் கடிகாரம் மெல்ல நகர்ந்து 7 நிமிடம் பிந்திவிட்டது. விண்டோஸ் மெஷின்கள் எல்லாம் டொமைன் கண்ட்ரோலரைப் பார்த்தே நேரத்தை வைத்துக்கொள்ளும், அதனால் எல்லாமே சேர்ந்து 7 நிமிடம் பிந்தின. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு லினக்ஸ் சர்வர் மட்டும் வெளியே நின்றது. "லினக்ஸ் கெட்டுப்போச்சு" என்று எனக்குப் புகார் வந்தது. அந்த ஆபீஸிலேயே சரியான நேரம் காட்டியது அது ஒன்றுதான்.

டொமைனின் தலைமைக் கண்ட்ரோலருக்கு வெளியிலிருந்து நேரம் எடுக்கச் சொல்லி, ஹோஸ்டிலிருந்து நேரம் வாங்குவதை நிறுத்தி, லினக்ஸையும் அதே கண்ட்ரோலரைப் பார்க்க வைத்தோம். எந்த மெஷினையும் மாற்றாமல் தீர்ந்தது.

லினக்ஸ், மேக் என்றால் பாதுகாப்புக் கவலை இல்லையா?

இப்படி நினைப்பவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவுபடுத்துவேன். 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் பரவியது. விண்டோஸின் ஃபைல் பகிரும் சர்வீஸில் இருந்த ஓட்டை வழியாக, 445-ஆம் போர்ட்டில். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே மே மாதக் கடைசியில் லினக்ஸின் சாம்பாவிலும் ஓட்டை வெளியானது. அதே வேலை செய்யும் சர்வீஸ், அதே 445. சாம்பா 3.5 பதிப்பு முதல் பல வருடங்களாக இருந்த ஓட்டை அது. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே: திருத்தத்தை வந்த கையோடு போடு, 445-ஐ இணையத்துக்குத் திறக்காதே.

சர்வர் எழவே மாட்டேன் என்கிறது. அங்கேயும் ஒற்றுமை உண்டா?

உண்டு. புது மெஷின்கள் பெரும்பாலானவற்றில், மெஷினை எழுப்பும் யூஇஎஃப்ஐக்காக ஒரு சின்ன ஃபேட் பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பூட் நிரலும் அங்கேதான் குடியிருக்கும். விண்டோஸில் சேஃப் மோட், லினக்ஸில் ரெஸ்க்யூ மோட், மேக்கில் ரெகவரி. குறைந்தபட்சத்தோடு எழுந்து, கெடுத்ததை எடுத்துவிட்டு மறுபடி எழுவதுதான் மூன்றிலும் வழி.

2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. சேஃப் மோடில் எழுந்து அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஆனால் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்த இடங்களில் ரெகவரி சாவியை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. லினக்ஸில் லக்ஸ் போட்டுப் பூட்டியவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் சாவி எங்கே இருக்கிறது? அந்தச் சாவி இருக்கும் சர்வரே எழாவிட்டால்?

மவுஸா, கமாண்டா?

அந்தப் பிரிவு எப்போதோ மங்கிவிட்டது. மவுஸால் சொடுக்கும் திரையே இல்லாத விண்டோஸ் சர்வர் கோர் 2008-இல் வந்தது. 2006-இல் வந்த விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் 2016-இல் லினக்ஸுக்கும் மேக்குக்கும் வந்துவிட்டது. தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 2019 சர்வர் முதல் விண்டோஸில் சேர்த்துக்கொள்ளலாம், 2025 சர்வரில் கூடவே வருகிறது, ஆன் செய்தால் போதும். ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குள் ஊற்றும் பைப் இரண்டிலும் ஒரே குறிதான். லினக்ஸில் அதன் வழியே எழுத்து ஓடுகிறது, தேடும் கட்டளையான கிரெப் வைத்து வெட்டி எடுக்க வேண்டும். பவர்ஷெல்லில் ஆப்ஜெக்ட் ஓடுகிறது, பெயர் சொல்லிக் கேட்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் பவர்ஷெல் வழிதான் பிடிக்கும். லினக்ஸ் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ரெஜிஸ்ட்ரிக்கு லினக்ஸில் என்ன?

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி போல ஒன்று லினக்ஸில் இல்லை. ஈடிசி ஃபோல்டரில் உள்ள எழுத்து ஃபைல்கள்தான். நூறு மெஷினுக்கு ஒரே அமைப்பைத் தள்ள விண்டோஸில் குரூப் பாலிசி, லினக்ஸில் ஆன்சிபிள் போன்றவை. ஆன்சிபிள் விண்டோஸையும் பார்த்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்று போலவே இருந்து ஏமாற்றும் இடங்கள் எவை?

நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஓட மறுக்கும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கிறது, லினக்ஸ் ஒன்று. அந்தக் கூடுதல் எழுத்து நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்து, விண்டோஸில் நன்றாக ஓடிய வெப்சைட்டை லினக்ஸுக்கு மாற்றியதும் படங்கள் காணாமல் போகும்: லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. மேக்கில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், அதுவும் வழக்கமாக விண்டோஸ் போலவே வித்தியாசம் பார்க்காது. அப்புறம், ஒரே மெஷினில் இரண்டையும் போட்டவர்களுக்குக் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளிக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எதிர்பார்க்கிறது.

சரி, எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். எங்கே தொடங்கலாம்?

தெரிந்த பக்கத்தில் நீங்கள் தினமும் செய்யும் ஒரு வேலையை எடுங்கள். உதாரணமாக, ராத்திரி 1 மணிக்கு ஒரு ஃபோல்டரை பேக்கப் எடுத்து, முடிந்ததா என்று லாகில் எழுதுவது. அதையே தெரியாத பக்கத்தில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்து பாருங்கள். தனிக் கணக்கு, அதற்கு அந்த ஃபோல்டரில் மட்டும் அனுமதி, நேரம் குறித்த வேலை, லாக், எல்லாம் அதில் வந்துவிடும். முடிந்ததும் அந்த பேக்கப்பை வேறு ஃபோல்டரில் திருப்பி எடுத்து, ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.